மகன், நீ அந்த டொக்டரிடம் கேட்ட கேள்வி

மகன், உன் மீதும் உன் வீட்டார் மீதும் ஸலாம் உண்டாகட்டும். நாங்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட இன்னும் ஒன்பது நாட்கள்தான் இருக்கின்றன. இரண்டு கிழமையாக நானும் உன் உம்மாவும் வீடு வீடாகப் போய் புறப்படுமுன் கேட்கவேண்டிய மாப்பை, மன்னிப்பை, கேட்டுக்கொண்டு திரிந்தோம். மதுரங்குளியில் இத்தனை வருடம் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் அடி வாங்காத ஆள் இல்லாத வீடு இங்கே குறைவு. தாடி நரைத்த மனிதர்கள் எல்லாம், "அது என்னத்துக்கு சேர் இப்ப, அடிச்சதாலதானே நாலு கணக்காவது தெரியும்" என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லா வீடும் முடிந்து, கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை கண்டக்குழிக்கு உன் வீட்டுக்கு வந்தோம். மருமகள் பர்ஹானா பாரைமீன் ஆணம் ஆக்கியிருந்தாள். நீ நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாய். பேத்தி ஸைனப் என் மடியில் ஏறி இருந்து, மக்காவுக்கு வேனில் போக எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டாள். சாப்பிட்டேன், தேத்தண்ணி குடித்தேன், அஸர் தொழுதேன், வேனில் ஏறிவிட்டேன். பாலாவிச் சந்தி தாண்டும்போது உன் உம்மா, "மகன்கிட்ட மாப்புக் கேட்டீங்களா?" என்றாள். "ஓம், கேட்டேன்" என்றேன். ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்த மனிதன் வழியிலேயே சொன்ன பொய் அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் நான் கேட்கவேண்டியது வாசலில் நின்று கையைப் பிடித்துக் கேட்டு முடிக்கிற மாப்பு அல்ல. ஆறு வருடமாக ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது உனக்குக் கோபம் வரலாம். வந்தால் அது நியாயமான கோபம். ஆனால் அதைச் சொல்லப் போனால், உன் முகத்துக்கு நேரே நான் ஒரு தரமும் சொல்லாத பெருமைகளையும் கூடவே சொல்லவேண்டி வரும். அதற்காகவும்தான் எழுதுகிறேன். இதை பர்ஹானாவுக்கு வாசித்துக் காட்டு. நோயுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்தால் அவர்களிடமும் கொடு. யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

முதலில் நான் எப்படிப்பட்ட தகப்பனாக இருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பித்தவனின் மகன் ஏ.எல். பரீட்சையில் கணக்கில் தவறினான். அது எனக்குப் பெரிய அடி. நீ இரண்டாம் தரம் எழுதமாட்டேன் என்று சொல்லி, கண்டக்குழியில் ஒரு மெக்கானிக் பாஸிடம் படகு எஞ்சின் திருத்தப் பழகப் போனாய். நாலு வருடத்தில் உனக்கென்று ஒரு கொட்டில் போட்டாய். கல்பிட்டியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் ஆட்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். நானோ யாராவது கேட்டால், "மகன் கல்பிட்டிப் பக்கம் பிசினஸ் செய்கிறான்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்கு மாறிவிடுவேன். உன் நிக்காஹ் நாள் காலையில் எஞ்சின் எண்ணெய்க் கறை போக இரண்டு தேசிக்காயை வெட்டிக் கொண்டுவந்து தந்து, "நகத்தையாவது தேய் மகன், பெரிய ஆக்கள் வருவாங்க" என்றேன். நீ கிணற்றடியில் இருந்து தேய்த்தாய். மாப்பிள்ளையின் நகம் சிவந்து போயிருந்ததை அன்று நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஸைனப் பிறந்து ஐந்தாவது கிழமையில் அது தொடங்கியது. பால் குடிக்கும்போது அவளுடைய நெற்றி வியர்க்கும். நாலு வாய் உறிஞ்சுவாள், களைத்து விட்டுவிடுவாள், கொஞ்சம் பொறுத்துப் பசியில் அழுவாள். நான் வெக்கை என்றேன். உன் மாமி கண்ணூறு என்றாள். நீ மட்டும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"வாப்பா, இவ தூங்கக்குள்ளயும் மூச்சு ஓடுது. படுத்திரிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு ஓட்டம் ஓடினவங்கட மூச்சு?"

"சின்னப் புள்ளையள்ற மூச்சு அப்பிடித்தான் மகன்."

"இல்ல வாப்பா. பக்கத்து வூட்டுப் புள்ளையையும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். அது இப்பிடி இல்ல."

அடுத்த நாளே புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். பிள்ளைகள் வார்டில் இருந்த இளம் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்த உடனே இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை, அதுவும் பெரிய ஓட்டை, அதனால் இரத்தம் அளவுக்கு மிஞ்சி நுரையீரலுக்குப் போகிறது என்று பிறகு படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மருந்து எழுதித் தந்து, "பிள்ளைகளின் இதயத்தை மட்டும் பார்க்கிற விசேட டொக்டர் ஒருவர் இவளைப் பார்க்கவேண்டும், கொழும்புக்குக் கடிதம் தருகிறேன்" என்றார் அந்த இளம் டொக்டர். நாங்கள் இரண்டு பேரும் அவர் முன்னால்தான் இருந்தோம். என் காதில் இதய டொக்டர் என்பதுதான் விழுந்தது. உன் காதில் பிள்ளைகள் என்பது விழுந்திருக்கிறது.

நான் உன்னிடம் கேட்காமலே வேலையைத் தொடங்கினேன். என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவருக்கு இதயக் குழாய் அடைப்பை எடுத்துவிட்ட டொக்டர் ஒருவர் கொழும்பில் இருந்தார். பெயர் பெற்றவர், அவரிடம் நம்பர் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்று சொல்வார்கள். நண்பரைப் பிடித்து நாலே நாளில் நம்பர் எடுத்தேன். அந்தச் செய்தியை உனக்கு போனில் சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமிதம் எனக்கு இன்றும் கேட்கிறது. நீ "சரி வாப்பா" என்றாய். அங்கே போய்க் காத்திருந்த இடத்தில் சுற்றிவரப் பார்த்துவிட்டு என் காதோடு, "வாப்பா, இங்க ஒரு புள்ளையும் இல்லயே, எல்லாரும் உங்கட வயசாக்கள்" என்றாய். நான் உன்னைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

டொக்டர் கடிதத்தை வாசித்தார், குழந்தையைப் பார்த்தார். ஓட்டையை மூடத்தான் வேண்டும், இரண்டு கிழமையில் இங்கேயே ஒப்பரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று எழும்பப் போனேன். நீ எழும்பவில்லை.

"டொக்டர், இவட வயசில, இவட நிறையில உள்ள புள்ளையள் எத்தின பேர நீங்க பாத்திரிக்கீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இருபத்தஞ்சு வருஷமா இதய நோயாளர் பாக்கிறன், தம்பி."

"அது தெரியும் டொக்டர். நான் கேக்கிறது பெரியாக்கள இல்ல, சின்னப் புள்ளையள. ஒப்பரேஷன் முடிஞ்சு இவள வெக்கிற இடத்தில, இந்தளவு புள்ளையளப் பாத்துப் பழகின நேர்ஸ்மார் இரிக்கிறாங்களா?"

எனக்கு முகம் சுட்டது. நான் குறுக்கே பாய்ந்தேன். "மன்னிச்சிக்கொள்ளுங்க டொக்டர். இவனுக்குப் படிப்புக் குறைவு. எஞ்சினோட இரிந்து பழகினவன், ஆரோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு தெரியாது."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பர்ஹானா குழந்தையின் துணியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். டொக்டர் ஒரு கார்டில் திகதியை எழுதி, உன்னிடம் தராமல் என்னிடம் தந்தார்.

வேன் சிலாபத்தில் ளுஹர் தொழ நின்றது. பள்ளிவாசல் மதிலோரம் நின்று கேட்டாய்.

"வாப்பா, நான் மரியாதை இல்லாமக் கதைச்சேனா?"

"அவ்வளவு பெரிய மனிசன்கிட்ட அப்பிடியா கேக்கிற?"

"என்கிட்ட ஆரும் லொறி எஞ்சினக் கொண்டந்தா, இது எனக்கு ஏலாது, இன்ன பாஸ்கிட்டப் போங்கண்டு சொல்லுவேன். அதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. அவர் ஓமெண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல வாப்பா. அதுதான் எனக்குப் பயம்."

"புள்ளையும் எஞ்சினும் ஒண்டா?"

"ஒண்டில்ல. அதனாலதான் கூடக் கேக்கிறேன்."

அந்தத் திகதிக்கு வரமாட்டேன், வேறு டொக்டரைத் தேடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வேனில் ஏறினாய். உனக்கு இதுவரைக்கும்தான் தெரியும். இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது.

அடுத்த கிழமை பென்ஷன் விஷயமாகப் புத்தளம் போகிறேன் என்று உன் உம்மாவிடம் சொல்லிவிட்டு நான் தனியாகக் கொழும்பு பஸ் ஏறினேன். அந்த டொக்டரிடம் உனக்காக இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்டு, திகதி தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். கடைசி நேரத்தில் நீ வழிக்கு வருவாய் என்று நினைத்தேன். என்னைக் கண்டவுடன் அவர் அடையாளம் கண்டுகொண்டார். நான் சொல்லத் தொடங்கியதைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாஸ்டர், அண்டைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தன். உங்கட மகன் கேட்டது சரியான கேள்வி. அந்தளவு சின்னக் குழந்தையள் என்னிட்ட வாறது மிச்சம் குறைவு. என்ட மகள்ட பிள்ளைக்கு இப்பிடியெண்டா, நானும் பிள்ளையள்ட இதயத்தையே நாளும் பொழுதும் பாக்கிற ஒருத்தரிட்டத்தான் கொண்டு போவன். அவர் போற வழி சரியெண்டு நான் சொன்னதா உங்கட மகனிட்டச் சொல்லுங்கோ."

திகதியைத் தன் கையாலேயே வெட்டினார். எழும்பி வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பினார். தன் அறையில், தன்னைவிடப் படிப்புக் குறைந்த ஒருவன் முன்னால், தனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்ட மனிதர் அவர். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். மகன், அவர் உன்னிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீர்கொழும்பு தாண்டும்போது இன்றைக்கே போன் எடுத்துச் சொல்வோம் என்று இருந்தேன். சிலாபத்தில், நேரில் காணும்போது சொல்வோம் என்று நினைத்தேன். முந்தல் வரும்போது, அவனாகக் கேட்டால் சொல்வோம் என்று ஆகிவிட்டது. நீ எப்படிக் கேட்பாய்? நான் போனதே உனக்குத் தெரியாதே. சொல்வதென்றால் உன் முதுகுக்குப் பின்னால் போனேன் என்று சொல்லவேண்டும், நீ சரி, நான் பிழை என்று சொல்லவேண்டும். ஊர்ப் பிள்ளைகளின் பிழையெல்லாம் சிவப்புப் பேனையால் சுழித்த எனக்கு அந்த ஒரு வசனம் வரவில்லை.

நீ தேடிய விதத்தைப் பிறகுதான் பர்ஹானா எனக்குச் சொன்னாள். முதலில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த இளம் டொக்டரிடம், உங்கள் பிள்ளை என்றால் யாரிடம் கொண்டுபோவீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் மூன்று பெயர் தந்தார், ஒன்றைத் தெரிவுசெய்து தரமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு கொட்டிலைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய், குழந்தை இல்லாமல் தனியாக, அந்த மூன்று பேரின் கிளினிக் நடைகளிலும் மாறி மாறி இருந்திருக்கிறாய். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தாய்மாரிடம் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டாய். டொக்டர் விளங்கும்படி சொல்கிறாரா? ஒவ்வொரு தரமும் அவரே பார்க்கிறாரா? ஊரில் திடீரென்று பிள்ளைக்கு ஏலாமல் வந்தால் யாருக்கு போன் எடுக்கிறீர்கள்? ஒப்பரேஷன் செய்கிறவரை முன்னாலேயே சந்தித்தீர்களா? கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் பெரிதா, சிறிதா என்பதுதான்.

அங்கேதான் சிலாபத்து மீனவர் ஒருவரை நீ சந்தித்தாய். அவர் மகனுக்குப் பிறவியிலேயே இதயம் பாதிதான் வளர்ந்திருந்தது. பிள்ளை இரண்டு மாதத்துக்கு முன் மௌத்தாகிவிட்டது. ஏதோ ஒரு பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். அவரிடம் கேட்க உனக்கு மனம் வரவில்லை என்று பர்ஹானா சொன்னாள். அவராகவே சொல்லியிருக்கிறார்.

"தம்பி, அந்த டொக்டர் நோனா எங்களுக்கு ஒண்டையும் மறைக்கயில்ல. பிழைக்கிறது கஷ்டம் எண்டு முதல் நாளே சொன்னா. கடைசி நாளும் பக்கத்தில நிண்டா. எனக்கு இன்னொரு புள்ள பிறந்து அதுக்கும் இப்பிடியெண்டா, நான் அவட்டத்தான் வருவன்."

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அதே டொக்டரிடம் திரும்பி வருவேன் என்றால் அதற்கு மேலே என்ன சாட்சி வேண்டும் என்று நீ பர்ஹானாவிடம் சொன்னாயாம். எனக்கு அந்த இடத்தில் அப்படி யோசிக்க வந்திருக்காது. செத்த பிள்ளையின் தகப்பன் என்ற உடனேயே பயந்து எழும்பி வந்திருப்பேன்.

மீனவர் சொன்ன அந்தப் பெண் டொக்டரிடம், டொக்டர் நோனாவிடம், முதல் தரம் போனபோது நானும் வந்தேன், பிழை பிடிப்பதற்காகவே வந்தேன். சின்ன அறை. குழாயை நெஞ்சில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினார். பர்ஹானாவிடம், ஒரு தரம் பால் குடிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது, எத்தனை தரம் நிறுத்துகிறாள் என்று கேட்டார். படகுக்காரர்களோடு பேசிப் பேசிப் பழகிய உன் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்குப் பாதிதான் விளங்கியது. ஊரில் படித்தவன் என்று பெயரெடுத்த நான் அங்கே வாயில்லாமல் இருக்க, நீ இடைக்கிடை திரும்பி எனக்குத் தமிழில் சொல்லித் தந்தாய். டொக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டினார். நீ அதே கேள்வியைக் கேட்டாய், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள் என்று. நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நாளாந்தம் இதுதான் என் வேலை, ஆனால் ஒப்பரேஷன் செய்வது நானல்ல, அதைச் செய்கிறவரை உங்களுக்குக் காட்டுகிறேன், அவரிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்றார். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். மருந்து கொடுத்து, பாலோடு சத்தும் சேர்த்து நிறையை ஏற்றிக்கொண்டு வருவோம், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் நான் பார்க்கவேண்டும், மூச்சு இந்த அளவுக்குக் கூடினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று எண்ணிக்கையோடு எழுதித் தந்தார்.

எழும்பப் போகும்போது பர்ஹானா மெல்லக் கேட்டாள். "நான் மாசமா இரிக்கக்குள்ள என்ன சரி பிழையாச் சாப்பிட்டதாலயா இப்பிடி வந்த?" நீ அதைச் சிங்களத்தில் சொன்னாய். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். பர்ஹானாவின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அம்மா பிழை இல்ல. ஒண்டும் பிழை இல்ல" என்றார். குழந்தைக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை அன்று அழுது தீர்த்தாள். வெளியே வந்து நீ, "இவதான் வாப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "பொம்புள டொக்டர், வயசும் குறைவு" என்றேன். அதற்கும் சேர்த்துத்தான் மாப்புக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம்தான் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. குடும்பம் முழுக்க உன்னைக் குற்றம் சொன்னது. பெரிய டொக்டர் நாள் குறித்துக் கொடுத்தும் வேண்டாம் என்று வந்தவன், பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்கிறவன் என்றெல்லாம் உன் பெரிய மாமா என் வீட்டில் இருந்தே பேசினார். நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் உன் கொட்டிலுக்கு வந்தேன். நீ எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை செய்யாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மெலிந்து போயிருந்தாய். என்னைக் கண்டு எழும்பி நின்று கேட்டாய்.

"வாப்பா, நான் செஞ்சது பிழையா? உண்மையைச் சொல்லுங்க."

சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. அந்தப் பெரிய டொக்டரே நீ சரி என்று சொன்னார் என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாய். நான், "அல்லாஹ் போதுமானவன், மகன்" என்றேன். அது உண்மையான வார்த்தைதான். ஆனால் அன்று நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் நட்டுக் கழற்றும் சாவியை எடுத்தாய்.

குழந்தைக்கு நாலு மாதம் முடிகிற நேரம் மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது. ஜும்ஆ முடிந்து வந்த நீ அவளுடைய மூச்சை எண்ணிப் பார்த்தாய். டொக்டர் எழுதித் தந்த எண்ணிக்கையைத் தாண்டியிருந்தது. தடிமன்தானே, நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நீ போன் எடுத்தாய். நேரே புத்தளத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே ஒட்சிசன் கொடுத்து அம்புலன்ஸில் அனுப்பச் சொல்கிறேன், நான் இங்கே காத்திருக்கிறேன் என்று டொக்டர் நோனா சொன்னார். சொன்னபடி காத்திருந்தார். நெஞ்சுச்சளி இறங்கியிருந்தது, இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று பிறகு சொன்னார். அது சுகமாகி, இனிப் பொறுக்கத் தேவையில்லை என்று ஒப்பரேஷனுக்கு நாள் வைத்தார்கள்.

ஒப்பரேஷன் அன்று காலையில் படிவம் நிரப்பிய நேர்ஸ், பிள்ளையின் தகப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டாள். நீ பர்ஹானாவோடு உள்ளே நின்றாய். நான்தான் பதில் சொன்னேன். "எஞ்சின் பாஸ்" என்றேன். என் குரல் அந்த நடை முழுக்கக் கேட்டது.

காலையில் உள்ளே கொண்டுபோன குழந்தை ளுஹர் தாண்டியும் வெளியே வரவில்லை. நீ சுவரில் சாய்ந்து நின்றாய், இருக்கவேயில்லை. சேர்ஜன் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். ஓட்டையை மூடிவிட்டோம், வால்வுக்கு மிகக் கிட்ட இருந்தது, நுணுக்கமான இடம், நன்றாக முடிந்தது என்றார். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ, "டொக்டர், இனி நான் என்னென்ன கவனிக்கோணும்?" என்று கேட்டாய். களைத்துப் போயிருந்த அந்த மனிதர் சிரித்துவிட்டு, வாங்கில் உன்னை இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் போனபிறகுதான் நீ எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாய். நான் பின்னால் வந்து நின்றேன். உன் தோளில் கை வைக்கவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. வாப்பா அப்படித்தான் இருந்தேன், மகன்.

போன மாதம் முந்தலிலிருந்து ஒரு இளம் தம்பதி உன் கொட்டிலுக்கு வந்தார்கள். அந்த மனிதன் இறால் பண்ணையில் வேலை செய்கிறவன். அவர்களின் குழந்தைக்கும் இதே நோய். நான் பின்னால் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தது உனக்குத் தெரியாது. "எந்த டொக்டரிட்டப் போறது, பேரச் சொல்லுங்க" என்று அவன் அவசரப்பட்டான். நீ, "பேர் சொல்றேன் தம்பி, போன் நம்பரும் தாறேன். அதுக்கு முன்ன இரிங்க. உங்கட புள்ளைக்கு என்ன எண்டு நீங்க விளங்கிக்கொள்ளோணும், என்னென்ன கேக்கோணும் எண்டு எழுதிக்கொள்ளோணும். நீங்க கேக்கக்குள்ள கோவிக்காத ஆளாப் பாருங்க" என்றாய். அந்தப் பெண் கொப்பியைத் திறந்தாள். நீ மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துவிட்டு, அவள் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். இத்தனை வருடம் நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். அவ்வளவு பொறுமையாக ஒரு பாடத்தை நான் நடத்தியதில்லை.

உன்னைப் படிப்புக் குறைந்தவன் என்று அன்னியர் முன்னால் சொன்னதற்கும், உன் முதுகுக்குப் பின்னால் போனதற்கும், உனக்குச் சேரவேண்டிய வார்த்தையை ஆறு வருடம் என் சட்டைப்பையில் வைத்திருந்ததற்கும் மாப்புக் கேட்கிறேன். உடனே தரவேண்டும் என்றில்லை. கோபித்து, ஆறி, பிறகு தா. விமான நிலையத்துக்கு நீ வரும்போது இதைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம். எனக்குக் கண் கலங்கினால் உன் உம்மா பயந்துவிடுவாள்.

ஸைனபின் வருடாந்தக் கிளினிக் நாங்கள் மக்காவில் இருக்கிற கிழமையில் வருகிறது. இந்த ஆறு வருடத்தில் ஒரு கிளினிக்கும் நான் தவறவிட்டதில்லை, இந்த முறை என்னுடைய கதிரை வெறுமையாக இருக்கும். அவள் கடலில் நீந்திப் பழகலாமா என்று டொக்டர் நோனாவிடம் கேட்கவேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நீ கேட்டுவிடாதே மகன். அவளையே கேட்க விடு.

உன் வாப்பா